உப்புக் கீற்று

செஞ்சி,
12-7-65

சௌபாக்கியவதி ஆதிலட்சுமிக்கு,

பந்தலில் இருந்த நாற்று முழுவதும் கருகிவிட்டது. கத்தரி, மிளகாய் இரண்டிலும் ஒரு பாத்தி மிச்சமில்லை. முதலில் நலம் விசாரித்துவிட்டு மெதுவாகச் சொல்லலாம் என்று ஒரு தாள் எழுதிக் கிழித்தும் போட்டேன். நான் சுற்றி வளைத்தால் நீ பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவாய். சாரதா, இதை நீயே அம்மாவுக்குப் படித்துக் காட்டு. மாப்பிள்ளை கைக்குப் போக வேண்டாம். படித்துவிட்டு அழவும் கூடாது, பால் கொடுக்கிறவள் நீ.

பேரன் பிறந்த தபால் வந்த அன்றைக்கு பஜார் முழுக்கக் கற்கண்டு கொடுத்தேன். அன்றைக்குத்தான் மிளகாய் இலை ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆதிலட்சுமி, சாரதா பிரசவத்துக்கு நீ அரக்கோணம் கிளம்பும்போது, பந்தல் கீற்று மக்கிவிட்டது, வழக்கமான ஆளிடமே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாய். அவன் விலையை ஏற்றினான். மரக்காணத்தில் பாதி விலை என்று கேள்விப்பட்டு உப்பு லாரியில் ஏறி நானே போனேன். பேரம் பேசி அதிலும் குறைத்தேன். அங்கே ஓலையைக் கழிவெளி ஏரியின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் முடைகிறார்கள். அதையும் கண்ணால் பார்த்தேன். உப்பில் ஊறியதைக் கரையான் தொடாது, ஒரு வருஷம் கூடவே நிற்கும், நமக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கீழே நாற்று இருப்பது என் கணக்கில் வரவில்லை.

உச்சி வெயிலில் கீற்றின் மேல் தண்ணீர் வீசிவிட்டால் உள்ளே சூடு இறங்காது என்பது உன் வழக்கம். வேலைக்கு வரும் நாகம்மாளிடம் அதைத் தவறாமல் செய்யச் சொல்லியிருந்தாய். அவளும் தவறவில்லை. இலை மஞ்சளானதும் வெயில் தாங்கவில்லை என்றுதான் இருவரும் நினைத்தோம். இன்னும் நாலு குடம் வீசச் சொன்னேன். கருகக் கருக வீசினோம். ஆனி முடியப் போகிறது, இன்னும் ஒரு தூறல் இல்லை. கிணற்றில் கிடந்த கொஞ்சத் தண்ணீரையும் இறைத்து, கீற்றிலிருந்த உப்பைக் கழுவி நாற்றின் தலையில் நாங்களே ஊற்றியிருக்கிறோம்.

அதைக் காட்டிக் கொடுத்தது ஆடு. ஆட்டுக்காரன் பாவாடையின் ஆடுகள் வேலியில் புகுந்துவிட்டன. நாற்றில் வாய் வைக்காமல் பந்தல் காலை நக்கிக்கொண்டு நின்றன. ஓட்ட வந்த பாவாடை சிரித்தான். “இன்னா முதலாளி, பந்தலுக்கு உப்புக்கண்டம் போட்டு வச்சிருக்கியா?” என்றான். மூங்கிலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாகம்மாளும் வைத்துப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை நீ ஒன்றும் சொல்லாதே. நீ சொன்னதைத்தான் செய்தாள்.

கீற்றைப் பிரித்துப் போட்டாயிற்று. மண்ணிலும் உப்பு இறங்கிவிட்டது. கழுவிவிடக் கிணற்றில் தண்ணீர் இல்லை, சேறுதான் வருகிறது. மறுபடி நாற்று விட்டாலும் பறிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆடிப் பட்டம் நமக்காகக் காத்திருக்காது.

தலைச்சுமையாகச் செடி கொண்டுபோய் அவலூர்பேட்டை சந்தையில் விற்று மேலே வந்தவன் நான். வாடின செடியைக்கூடத் தண்ணீர் தெளித்துப் பேசி விற்றிருக்கிறேன். இந்தக் கருகலை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பேசுவது?

நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்த தொண்டூர்க்காரர்கள் வந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அது பரவாயில்லை. சிங்கவரம் சுந்தரமூர்த்தி திட்டவில்லை. “நீ குடுப்பேன்னுதான் நான் வெதையே வாங்கல. ஓட்டி வச்ச நெலத்துல இப்ப இன்னாத்த நடறது, சொல்லு” என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் பதிலுக்காக நின்றார்.

வெளியூர் நாற்றாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று கைமாற்றுக்கு நாலு இடம் போனேன். நான் உட்காரும் முன்பே அவரவர் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் உரக்கடை சம்பந்தம் தானாகவே வந்தார். நம் கிணற்றின் மேல் அவருக்கு எப்போதும் ஒரு கண் என்பது உனக்குத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கம் நாற்று வாங்கி, நாம் வாக்குக் கொடுத்த எல்லோருக்கும் அவர் கொடுத்துவிடுகிறார். அதற்கு ஈடாகத் தோட்டம், கிணறு, பந்தல் மூன்றும் ஐந்து வருஷத்துக்கு அவர் கையில். வீடு மட்டும் நமக்கு. என் பெண்சாதியைக் கேட்க வேண்டும், தபால் போய் வருவதற்குள் ஆடி பிறந்துவிடும், ஆடியில் பத்திரம் எழுத மாட்டோம் என்று இழுத்தேன். “அப்ப நாத்தும் ஆடி கழிச்சுதான்” என்றார். நான் மற்றவர்களிடம் பேசுகிற மாதிரியே என்னிடம் பேசினார். நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ அவசரப்பட்டுக் கிளம்பாதே. பஸ்ஸில் ஆள் வந்தால் வசம்பும் பூண்டும் கொடுத்தனுப்புகிறேன். என் மேல் கோபம் வந்தால் அங்கே காட்டிக்கொள்ளாதே, சாரதாவுக்கு ஆகாது. இங்கே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சொல், கேட்டுக்கொள்கிறேன். பேரன் தீர்க்காயுசாக இருக்கட்டும். தாத்தாவின் கைராசி அவனுக்கு வேண்டாம், உன்னுடையது வரட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நேற்று பத்திரம் எழுத உட்கார்ந்த பிறகு சம்பந்தம் சொன்னது. “தோட்டம் எனக்கு, கெணறு எனக்கு, சரி. கை யாருது? ஜனம் வர்றது உன் வூட்டம்மா நாத்துன்னுதான்யா. அந்தம்மா வரணும்” என்றார். வருவாள் என்று சொல்லிவிட்டேன். பத்திரத்திலும் ஏறிவிட்டது. ஐந்து வருஷமும் நீ அங்கே அவருக்கு நாற்று விட வேண்டும். நாகம்மாளுக்கு நாள் கூலி ஒரு ரூபாய். உனக்கு நாலணா கூட்டிப் பேசியிருக்கிறேன். ஒன்றேகால் ரூபாய்.

இப்படிக்கு,
விநாயகம்