எந்த வார்த்தையானாலும் சரி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த வேட்டி எதுவும் காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். பாக்கி ஜாக்கெட்டுகளைத் தைக்க முடியாது என்று சொல்லியனுப்பியாயிற்று.

வீட்டுக்காரரை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூளையில் ரத்தக்கட்டு, இடது பக்கம். உயிருக்குப் பயமில்லை. வலது கை, கால் மெதுவாக வருமாம். பேச்சு வருமா என்று மட்டும் டாக்டரால் சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி வேலையில் பாதியை வாயால்தான் செய்வார் என் வீட்டுக்காரர். மேல்மாடியிலிருந்து தமிழில் ஒரு திட்டு, கன்னடத்தில் ஒரு திட்டு, கீழே கலவை தயார். அவருக்கா பேச்சு வராது? வரும்.

எதிர்க் கட்டில்காரருக்குக் கஞ்சி கொடுத்த நர்ஸ் "சாகா?" என்றாள். போதுமா என்று கேட்கிறாள், தெரியும். இருந்தும் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான புதிதில், சேலத்திலிருந்து இங்கே வந்தவளுக்குக் கன்னடம் ஒரு எழுத்து தெரியாது. சோறு போடப் போனேன். தட்டுக்கு மேல் கையை நீட்டி "சாகு" என்றார். என் காதில் சாவு என்றுதான் விழுந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன். சாப்பிடும் இடத்தில் அந்தச் சொல் கூடாது, 'போதும்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அன்றே சட்டம் போட்டேன். கன்னடத்திலேயே வளர்ந்த ராமாபுரத்துக்காரர் அடங்குவாரா? என்னைச் சீண்டவே தோசைக்கு ஒரு சாகு. "வாயில நல்ல வார்த்தையே வராதாங்க உங்களுக்கு?" என்று நானும் இத்தனை வருஷமாக.

ஜூலை 9, புதன்

நான் பக்திக்காரி இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு, அதோடு சரி. வார்டு ஜன்னலில் சாமுண்டி மலை தெரிகிறது, பாதி மேகத்தில். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் சொன்னேன். "தாயே, ஏறி வர நேரமில்லை. ஒரு வார்த்தை பேச வை அவரை. எந்த வார்த்தையானாலும் சரி."

காவ்யா கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, சாமிகிட்ட ஆர்டர் போடறியா? கொஞ்சம் நைஸா கேளும்மா."

"உனக்குத்தான் கன்னடம் நல்லா வருதே, நீ கேளு."

கேட்டாள். கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று என் மகளுக்கு.

ஜூலை 10, வியாழன்

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தாள். நல்ல பொறுமை. ஆ, ஊ, ஓ. அவர் வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது.

"வீட்ல தினமும் சொல்ற வார்த்தை இருக்கா ஆண்ட்டி? பழகினதுதான் மொதல்ல வரும்."

"என் பேருதான். பாக்கியம்." கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன்.

உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். வரவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் ஃபிளாஸ்க் கழுவப் போனேன். அங்கே நின்று அழுதேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆஷாட வெள்ளி, நம்மூர் ஆடி வெள்ளி மாதிரி. ஊரே மலைக்குப் போகிறது, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆட்டோ.

விடிகாலையிலேயே மலைக்குப் போய் வந்த நர்ஸ் குங்குமம் கொடுத்தாள். அவர் நெற்றியில் வைத்தேன். கஞ்சி புரையேறாமல் இறங்கியது. வலது கட்டைவிரல் அசைந்தது. பார்த்தேன், நிஜம்.

பேச்சு வேண்டுமென்று கேட்டேன், விரல் வந்திருக்கிறது. வந்ததற்கு நன்றி சொல்லாமல் வராததற்குச் சண்டை பிடித்தால் எப்படி? ஜன்னல் பக்கம் திரும்பி நன்றி சொன்னேன். இப்படியெல்லாம் எனக்குத் தோன்றுவதே புதிது. கேட்டது அவளுக்குக் காதில் விழுந்திருக்கிறது என்று தைரியமாக இருக்கிறது. நன்றாகப் பசித்தது, கேன்டீனில் இரண்டு செட் தோசை.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். வேட்டியெல்லாம் காய்ந்தது.

கஞ்சி நான்தான் ஊட்டினேன். கிண்ணத்தில் பாதி போயிருக்கும். இடது கையை மெல்லத் தூக்கிக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"சா...கு."

குழறல்தான். ஆனால் அதுதான்.

நர்ஸ் ஓடி வந்தாள். "மாத்தாடிட்டாரு, பேசிட்டாரு! சாகுங்கறாரே, நிறுத்துங்கம்மா." காவ்யா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு தேம்புகிறாள்.

எந்த வார்த்தையானாலும் சரி என்றது நான்தானே. உலகத்தில் இத்தனை வார்த்தை இருக்க, தேடிப் பிடித்து இதைக் கொடுத்திருக்கிறாள். குறும்புக்காரி.

அவர் என்னையே பார்க்கிறார். உதடு ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. சட்டம் ஞாபகமிருக்கிறது மனிதருக்கு.

"நல்ல வார்த்தைங்க" என்றேன்.

இன்னொரு கரண்டி எடுத்து நீட்டினேன், மறுபடி சொல்லட்டும் என்று. சொன்னார்.