மாரா மரத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி

மகளுக்கு,

உன் புருஷனின் விரலை வெட்டியவன் நான்தான். மெஷினில் பட்டது என்று போனில் சொன்னது பொய்.

வத்தேகமயில் நம் கடைப் பெயர்ப்பலகையை மறைத்த மாரா மரத்தைச் சாய்க்க ஆள் பிடித்தேன். மருமகனின் மரக்காப்புச் சங்கத்தார் முந்திக்கொண்டு அதற்கு மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் பூசிவிட்டார்கள்.

"சாமி குடிவந்த மரம், முதலாளி. நாங்க தொடமாட்டோம்" என்று ஆட்கள் ஒதுங்கினார்கள்.

எனக்கு வெறி ஏறியது. ஒருவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கித் துணியை வெட்டப் போனேன்.

"நிப்பாட்டுங்க மாமா!" என்று மருமகன் மரத்தைக் கட்டிப்பிடித்தார்.

நான் நிறுத்தவில்லை. சுண்டுவிரல் துண்டாகி விழுந்தது. இரத்தம் என் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் இப்படிப் பேசி முடித்தோம். அவர் பொலிசுக்குப் போகமாட்டார். மரம் நிற்கும். கடையின் பின்காணி சங்கத்தின் நாற்றுமேடைக்குப் போகும். உண்மையை உனக்கு நானே எழுத வேண்டும்.

அப்பா