அடிக்காத காலிங்பெல்

கார்த்திகை, செவ்வாய்.

படூர் அடுக்ககங்களில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஏழுமலை, நோய் எதிர்ப்பு பற்றிப் பத்திரிகையில் வந்த என் கட்டுரையைப் படித்துவிட்டு, மகள் படுத்திருக்கும் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு இன்று என்னை வரச் சொன்னார். காசநோய் வகைக் கிருமி ஒன்று அந்தச் சிறுமியை விடாமல் படுத்துகிறது. கிருமி புகுந்த செல்லுக்குப் பக்கத்துச் செல் கிருமியைக் கொல்லச் சொல்லி ஒரு செய்தி அனுப்பும். அதை வாங்கும் ஏற்பி காலிங்பெல் மாதிரி என்று எழுதியிருந்தேன். அவளுக்கு அந்த ஏற்பி பிறவியிலேயே வேலை செய்யவில்லை.

“பெல்லு அடிக்கலன்னா வொயர பாப்பேன், சுச்ச பாப்பேன். இத்த மாத்த முடியாதா சார்?”

அந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜையில்தான் பிறக்கின்றன; பொருந்துகிறவரின் மஜ்ஜை கிடைத்தால் முடியும் என்றேன். அவர் மகனுடையது பொருந்தவில்லை என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

“அதான் ஆளுங்கள இட்டாந்துகீறேன்.”

வார்டுக்கு வெளியே, சிறுசேரியில் வேன் ஓட்டும் அவருடைய நண்பர்கள் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் மகளின் ரத்த வகை. சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, ஊசின்னா ஓடுவியே?” என்று ஒருவர் சீண்டினார்.

“பாப்பாவுக்குன்னா நிப்பேன் மச்சான்,” என்றார் மற்றவர்.

ரத்த வகை ஒன்றாக இருப்பதால் மஜ்ஜை பொருந்திவிடாது. வெளியாரிடம் பொருத்தம் கிடைப்பது மிக அரிது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏழுமலை என் கையில் டீயைக் கொடுத்து, “சாரே வந்துட்டாரு, இனிமே கவல இல்ல,” என்று அவர்களிடம் சொன்னார்.

டீயைக் குடித்துவிட்டு, அதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். நாளையும் என்னை வரச் சொல்லியிருக்கிறார். ரத்த வகை மட்டும் போதாது என்று மருத்துவர் சொல்வார். அப்போது ஏழுமலை என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்.