உப்பளத்துக் கேள்விகள் எனக்கும்

மரக்காணத்தின் மாபெரும் விஞ்ஞானி, என் மருமகள் ஹஸ்னாவுக்கு, சவுதி தம்மாம் பாலைவனச் சக்கரவர்த்தி முஹ்சின் மாமாவின் ஸலாம். நீயும் அம்மாவும் நலமா?

கல்லூரிக் கோடை ஆராய்ச்சிக்காக உப்பளத்து ஆட்களிடம் வெயில் பற்றிக் கேட்டு எழுதுகிறாயாமே! இங்கே ஒட்டகமே குடை கேட்கிறது.

இதைக் கொண்டுவரும் என் அறைத்தோழன் உமைர், "பாய் சைட்ல மயங்கி வுழுந்துட்டாரு" என்று புளுகுவான். நம்பாதே. பூமி லேசாக ஆடியது. நான்தான் படுத்துக் கட்டிப்பிடித்து நிறுத்தினேன். அம்மாவிடம் சொல்லாதே.

அவன் திரும்பும்போது நம்ம உப்பு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பு. வெள்ளிக்கிழமை போன் பண்ணி, உப்பளத்து ஆட்களிடம் கேட்பதையெல்லாம் என்னிடமும் கேள்: "தண்ணி குடிச்சீங்களா? தலை சுத்துச்சா? நல்லா தூங்குனீங்களா?" மெதுவாகவே கேள். இங்கே அதையெல்லாம் கேட்க ஆளில்லை.

சைட்டுக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

மாமா