பதினொரு குரல்

எலூல் 15

அத்திப்பழம் காயப் போட்டாயிற்று, மாடியில் இரண்டு பாய் நிறைய. இறங்கும்போது வழக்கம்போல ஒரு வரியை முணுமுணுத்தேன். நடுவில் குரல் நின்றுவிட்டது. வற்றிய கிணற்றின் அடியில் வாளி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

தூசியாக இருக்கும்.

எலூல் 17

தூசி இல்லை.

எலூல் 20

பேச்சு வருகிறது, கொஞ்சம் கரகரப்பாக. பாட வாயெடுத்தால் காற்று. தேன், வேகவைத்த அத்தி, வெதுவெதுப்பான ஆலிவ் எண்ணெய். எங்கள் ஊர் அஸ்மாவேத்தில் பாதிப் பேர் பாடகர்கள். எந்த வீட்டில் தேன் சீக்கிரம் தீர்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த ஊருக்குப் போய் வாங்கி வந்தேன்.

வரும் ஓய்வுநாள் முதல் ஒரு வாரம் எருசலேம் ஆலயத்தில் எங்கள் பாடகர் பிரிவின் முறை. இந்த முறை வருஷப்பிறப்பும் அதில் விழுகிறது. மேடையில் பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது. எங்கள் பிரிவில் இருப்பதே பன்னிரண்டு பேர்.

முதல் சொல் என்னுடையது. முன்பு அப்பாவுடையது. கைத்தாளம் ஒலித்ததும் நான் தனியாக அதை எடுக்க வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆலய ஊழியத்துக்கென்றே பிறந்த லேவியனுக்கு நிலம் கிடையாது. எனக்கு இருப்பது இந்த ஒரு சொல். குரல் போன பாடகனை வாசலுக்கு அனுப்புவார்கள். கதவு திறக்க, கதவு மூட.

அப்புறம் நான் யார்?

எலூல் 22

சக்கூரிடம் சொன்னேன். மேடையில் எனக்கு அடுத்து நிற்பவன், சேர்ந்து வளர்ந்தோம்.

"பாடு பாக்கலாம்." பாடினேன். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "என்னடா இது, கழுதைக்குச் சளி பிடிச்ச மாதிரி."

"முதல் சொல்லை நீ எடு. நான் வாயசைக்கிறேன்."

"தலைவர் பக்புக்கியா கை காட்டுறது உனக்கு மட்டும்தானே? எந்தப் பாட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாட்டு. மாறவா போகுது?"

மாறவா போகுது என்றேன்.

எலூல் 24

எருசலேம். அக்கா செலோமித் வீட்டில் தங்கல். அவள் கணவர் தல்மோன் வடக்கு வாசல் காவலர். எருதின் தோள். மேடைக்காரனைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இராது.

"வாங்க மாப்ள! நீங்க வாயைத் திறந்தா வானம் திறக்குது. நாங்க கதவைத் திறந்தா ஆடு நுழையுது."

"ஆடு நுழையலேன்னா பாட்டுக்கு என்ன வேலை, அத்தான்?"

"அப்படிச் சொல்லு!"

சாப்பிடும்போது ஒரு கதை. மேடைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, கதவு மூடக் கைகொடுக்க வந்தாராம். அத்தான் விரட்டிவிட்டாராம். பாடுகிறவன் கதவைத் தொட்டால் உயிர்க்குற்றம், சாவுதான் தண்டனை. கதவுக்காரன் மேடையில் பாடினாலும் அதே. "நான் குளிக்கும்போதுகூடப் பாடுறதில்ல மாப்ள. பயம்."

"நீங்க பாடினா அக்கம்பக்கத்து உயிருக்குத்தான் ஆபத்து" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி: "தொண்டை என்னடா?"

"தூசி."

எலூல் 27

நேற்று ஓய்வுநாள், எழுதவில்லை.

சக்கூர் எடுத்தான். நான் வாயைத் திறந்து மூடினேன். இத்தனை அழகாக நான் வாயைத் திறந்ததே இல்லை. முற்றத்தில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

பதினொரு குரல். எண்ணுகிறவர் ஒருவர் மேலே இருக்கிறார் என்று நம்பித்தானே இத்தனையும்?

பாட்டுத் தலைவர் பக்புக்கியா மேடை முனையில், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். எலி கொட்டாவி விட்டால் கேட்கிற காது அவருடையது. ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?

எலூல் 29

பிறை பார்த்தவர்கள் வந்து சாட்சி சொன்னால் நாளை திஷ்ரி மாதம் பிறக்கும், வருஷப்பிறப்பு. வராவிட்டால் மறுநாள். நாளை எந்தப் பாட்டு என்று இன்று ஒருவருக்கும் தெரியாது. இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? சக்கூரிடம் ஒரு ஜாடை பேசி வைக்க வேண்டும்.

— முடியவில்லை. எங்கே பார்த்தாலும் அவனைச் சுற்றி ஆள்.

திஷ்ரி 2

நேற்று எழுதக் கூடாத நாள். இன்று எழுதலாம்.

காலையில் சாட்சிகள் வரவில்லை. சாதாரண நாளின் பாட்டு. மாலைப் பலி வரைக்கும் வரவில்லை. ஆட்டுக்குட்டி பீடத்தில் ஏறிவிட்டது. பலியிடும் குரு திராட்சரசக் கிண்ணத்தைச் சாய்க்கக் குனிந்தார். அடையாளமாகத் துணி வீசினார்கள். கைத்தாளம்.

பக்புக்கியா என்னைப் பார்த்தார். விரித்த கை. பண்டிகைப் பாட்டு. சாட்சிகளுக்குக் காத்திராமல் முடிவெடுத்துவிட்டார். எலூல் ஒரு நாள் நீண்டு முப்பதானதாக யார் நினைவிலும் இல்லை. ஆகவே அன்றுதான் வருஷப்பிறப்பு. சரியான முடிவு.

அந்தச் சொல் என் வாயில் இருந்தது. திறந்தேன். காற்று.

முழங்கையால் சக்கூரை இடித்தேன். ஆரம்பி என்கிறேன் என்று நினைத்தான். ஆரம்பித்தான், சாதாரண நாளின் பாட்டை. தலைவரின் கையை எட்டிப் பார்த்திருந்த இரண்டு பேர் பண்டிகைப் பாட்டில் நுழைந்தார்கள். குறுகிய சந்தில் எதிரெதிராக இரண்டு வண்டி. ஒவ்வொருவராக நின்றோம்.

ரசம் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. என்றைக்கும் அதன்மேல் பாட்டு இருந்தது.

எக்காளக்காரர்கள் ஊதலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். எப்போது விழுந்து வணங்குவது என்று தெரியாமல் பாதிச் சனம் விழுந்தது, பாதி நின்றது.

வாசல் மூடும் நேரத்தில் சாட்சிகள் வந்தார்கள். எப்ரோனுக்கு அப்பால் ஒரு ஊர். விவசாயிகள், அண்ணன் தம்பி. வழியில் கழுதைக்குக் கால் போயிற்றாம். பிறையைக் கண்ணால் கண்டோம் என்றார்கள். நியாயசங்கம் ஏற்றது. அன்று வருஷப்பிறப்புதான். அதன் மாலைப் பலி பாட்டில்லாமல் போய்விட்டது.

திஷ்ரி 3

வருஷா வருஷம் வரும் உபவாசம். பசித்த வாய்கள் எல்லாம் சாட்சிகளைத் திட்டுகின்றன.

"நம்ம தலை தப்பிச்சுதுடா" என்கிறான் சக்கூர்.

எனக்கும் மூச்சு வந்தது. அதை இங்கே மறைத்து என்ன பயன்.

திஷ்ரி 8

நியாயசங்கத்தின் தீர்மானம் வந்துவிட்டது. இனி மாலைப் பலிக்குப் பிறகு வரும் சாட்சியை ஏற்பதில்லை. பாட்டு குழம்புகிறதாம்.

ஒரு தொண்டைக்காக ஒரு சட்டம். மாதம் எப்போது பிறக்கும் என்பதே மாறுகிறது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

திஷ்ரி 13

கூடாரப் பண்டிகைக்கு நாடே ஏறி வருகிறது. தெருவெல்லாம் பேரீச்ச ஓலை. அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வடக்கு வாசலில் ஒரு பெரியவர், தோளில் ஓலைக்கட்டு.

"அடடே, சாட்சிக்காரரே!" என்றார் அத்தான். "இந்தத் தடவை சீக்கிரம் வந்துட்டீங்க. பிறையை விடுங்க, முழு நிலாவே இன்னும் வரல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சாட்சிக்கா வந்தாரு? சாட்சிக்குப் போடுற விருந்துக்கு வந்தாரு" என்றான் ஒருவன். பெரியவரும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பெயர் ஆசூம்.

"இவன் என் மச்சினன், மேடைக்காரன்" என்றார் அத்தான், வம்புக்கு.

ஆசூம் ஓலைக்கட்டை இறக்கி வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. எங்களால உங்க பாட்டு கெட்டுப்போச்சு. கழுதையை வழியில விட்டுட்டு ஓடியாந்தோம். என் தம்பிக்கு இன்னும் கால் ஆறல. ஊர்ல எங்களுக்குப் பேரே 'பாட்டைக் கெடுத்தவங்க'. இனிமே எங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தனும் சாட்சிக்குக் கிளம்ப மாட்டான்."

நான் என்ன சொன்னேன்?

"பரவாயில்ல" என்றேன்.

பரவாயில்லை! நான் அவரை மன்னித்துவிட்டேன்!

திஷ்ரி 14

பக்புக்கியா கூடாரத்துக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"விரிச்ச கையைக் காட்டினீங்க. சாட்சிக்காக நீங்க காத்திருக்கல. அவங்க மேல தப்பில்ல, என் மேலதான்."

"அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "உன் தொண்டை போனது முதல் நாளே எனக்குத் தெரியும். உங்கப்பன் முகத்துக்காகச் சும்மா இருந்தேன்."

"சங்கத்துல சொல்லிடுங்க."

"என்னன்னு? வாரம் முழுக்கப் பதினொரு பேரை வச்சு நடத்தினேன்னா? அந்தப் பலியெல்லாம் செல்லுமான்னு கேப்பாங்க. நீ பதில் சொல்றியா?" முடிச்சை இறுக்கினார். "சாட்சிக நேரங்கழிச்சு வந்தாங்க. அது பொய்யா?"

பொய் இல்லை. அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம்.

"போ. பண்டிகைக்கு எல்லாப் பிரிவும் மேடை ஏறணும். முடியற வரைக்கும் வாயசை."

திஷ்ரி 23

பண்டிகை முழுக்க வாயசைத்தேன். அது நேற்றோடு முடிந்தது.

இன்று முதல் மழை. சனம் ஊர் திரும்புகிற அவசரம். அக்கா கொடுத்த போர்வையோடு வடக்கு வாசலுக்குப் போனேன். கதவு நனைந்து ஊதிப்போயிருந்தது; நிலையில் உட்கார மறுத்தது. அத்தானும் இன்னொருவரும் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் இடுப்புப் பிடிப்பில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

நான் போர்வையைக் கீழே வைத்தேன். கதவில் கை வைத்தேன்.

யோசித்தேனா? யோசித்தேன். நான் பாடகன் என்றால் இது உயிர்க்குற்றம். குற்றம் இல்லையென்றால் நான் பாடகன் இல்லை. மூன்றாவதாக ஒன்று கிடையாது.

"கையை எடு மாப்ள! பைத்தியமா உனக்கு? நீ மேடைக்காரன்டா!"

எடுக்கவில்லை.

"செத்துப்போவடா! உங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் தள்ளினேன். கதவு உட்கார்ந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆலயக் காவல் தலைவர் வந்தார்.

"பாடகன் கதவுல கை வச்சா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் ஐயா. நான் பாடகன் இல்ல."

"நேத்துவரைக்கும் மேடையில நின்னியே?"

"நின்னேன். பாடல. எலூல்லேர்ந்து பாடல. வருஷப்பிறப்பன்னைக்கும் தலைவர் சரியாத்தான் கை காட்டினார். சாட்சிக முன்னாடியே வந்திருந்தாலும் முதல் சொல்லு வந்திருக்காது. அவங்க பாட்டைக் கெடுக்கல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாடு."

பாடினேன். அந்த மழையில், அத்தனை பேர் முன்னால், அப்பாவின் சொல்லை. காற்றுதான் வந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அத்தான் மணிக்கட்டை விட்டார்.

திஷ்ரி 26

மேடை இல்லை. பண்டிகைப் பங்கு இல்லை. உயிர் இருக்கிறது, வாசல் இருக்கிறது. பக்புக்கியாவை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் போனார், நான் தூண் என்பதுபோல. புதுச் சட்டம் சட்டம்தானாம், மாறாதாம்.

எப்ரோன் பக்கம் போகிற எண்ணெய் வியாபாரியிடம் சொல்லி அனுப்பினேன்: ஆசூமிடம் சொல்லுங்கள், ஊர் நடுவில் நின்று சொல்லுங்கள், பாட்டைக் கெடுத்தது நான்.

அக்கா என் பயற்றங்கஞ்சியில் மட்டும் எண்ணெய் அதிகமாக ஊற்றியிருந்தாள்.

மர்ஹெஷ்வான் 1

வடக்கு வாசல். அத்தானுக்கு இடப்பக்கம் என் இடம். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. "இந்தக் கையால சுரமண்டலம் வாசிச்சியா? கத்தரிக்காய்கூட இதைவிடக் கெட்டிடா" என்றார். பாதிக் கேலி, பாதி என்னவோ.

நேற்று மாலையிலிருந்து மலைமேல் மேகம். புதுப்பிறைக்குச் சாட்சி இல்லை. மாலைப் பலிக்கு ஆடு போய்விட்டது.

தெற்கேயிருந்து வருபவர்கள் ஏன் வடக்கு வாசலுக்கு வந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு பேர், கூட்டத்தின் பின்னால், கையை ஆட்டிக்கொண்டு. ஒருவர் நொண்டினார்.

"அங்க பாருடா, பாட்டைக் கெ—" அத்தான் நிறுத்திக்கொண்டார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஆட்டு வியாபாரிகள்.

"வழி விடுங்க! சாட்சி! சாட்சி வருது!"

கத்தியது நான்தான். சாக்குக் கிழிகிற மாதிரிக் குரல். ஆனால் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

ஆசூம் என் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றார். "ரசம் ஊத்திட்டாங்களா தம்பி?"

"இன்னும் இல்ல. ஓடுங்க ஐயா!"

ஓடினார்கள். அத்தானும் நானும் கதவோரம் நின்றோம். ஒரு ஆடு என் காலை முகர்ந்தது. உள்ளே நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு கைத்தாளம். எந்தப் பிரிவின் வாரமோ, எனக்குத் தெரியாத ஒருவனின் முதல் சொல். புதுப்பிறைப் பாட்டு. பின்னாலேயே மற்றவர்கள், முழுதாக.

ரசம் ஊற்றியிருப்பார்கள். அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.