வண்டில்கள் மறைத்த கதவு

என் வேலைச் சட்டையைப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். தோய்த்தும் கருகிய பருத்தியின் மணம் அதைவிட்டுப் போகவில்லை. வெளியே மழை தூறுகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் அந்த மணம் உள்ளே வருகிறது. இதை நான் உனக்கு விளக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஹோட்டல் துவாய்களையும் நாம் இருவரும் சுவிஸில் வருஷக்கணக்காகத் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்த எம்மன்புரூக்கே சலவை ஆலையின் மணம்தான் இது. இந்த முறை கொஞ்சம் கூடுதலாகக் கருகிவிட்டது.

நீ போனபிறகு உனக்கு எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை. செத்தவளுக்கு எழுதி என்ன வரப்போகிறது என்று கேட்கிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். இன்று வேறு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. என் மனுஷன் இருதய வருத்தக்காரர், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது உன் முகமல்ல, குளிர். காலையில் இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன் நீ மண்டபத்தின் பின்பக்கம் போவாய். பச்சை விளக்கு எரியும் அவசர வாசலின் இரும்புத் தண்டை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுவாய். கதவு திறந்ததும் ஆற்றுப் பக்கத்துக் காற்று எங்கள் எல்லோருடைய முதுகிலும் அறையும்.

"எடியே, கதவைச் சாத்து! முள்ளந்தண்டு விறைக்குது!" என்று முதலில் கத்துவது நான்தான். பிறகு போர்த்துக்கல்காரிகளும் செர்பியாக்காரிகளும் தங்கள் தங்கள் பாஷையில் உன்னைத் திட்டுவார்கள்.

"திறக்குதோ எண்டு பாத்தனான். திறக்குது," என்று சொல்லிவிட்டு ஆறுதலாக நடந்து வருவாய்.

தொழிற்சங்கம் லுசேர்னில் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்குப் போனபிறகுதான் உனக்கு இந்தப் பழக்கம் பிடித்தது. அங்கே அமெரிக்காவைப் பற்றிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை இடைவேளையில் நீ எங்களை விடவில்லை. ரயில் பாதைகள், உருக்கு ஆலைகள், ஒரே தலைமுறையில் வீங்கிப் பெருத்த நகரங்கள் என்று தொடங்கி, நியூயோர்க்கில் ஒரு உயரமான கட்டடத்தின் மேல்மாடிகளில் சட்டை தைத்த பெண்களிடம் வந்து நின்றாய். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். பாஷை தெரியாதவர்கள்.

"எங்களை மாதிரித்தானடி. பிள்ளையள் துணியைக் களவெடுத்துக்கொண்டு போயிடுவினம் எண்டு முதலாளிமார் ஒரு கதவைப் பூட்டி வைச்சிருந்தவங்கள். வெட்டுத் துணியிலை நெருப்புப் பத்தினாப் பிறகு அந்தக் கதவு திறக்கேல்லை. யன்னலாலை குதிச்சவை."

"அமெரிக்காவிலை செத்ததுக்கு என்ரை தேத்தண்ணியை ஏன் ஆறவிடுறாய்?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் விடவில்லை. பிறகு மழைக்குள் ஊர் திரண்டு ஊர்வலம் போனதையும், அரசாங்கம் குழு அமைத்து ஆலை ஆலையாக ஏறி இறங்கிப் பார்த்ததையும், கதவைப் பூட்டக்கூடாது, வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் வந்ததையும் சொன்னாய். அந்த நெருப்பைத் தெருவில் நின்று பார்த்த ஒரு பெண் பின்னாளில் அந்த நாட்டின் தொழிலாளர் அமைச்சரானாளாம். அதைச் சொன்னபோது உன் கண் மினுங்கியது. பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே, "எல்லாம் செத்தாப் பிறகுதான் வந்தது," என்றாய்.

அடுத்த வருஷம் எங்கள் மண்டபத்தில் அந்தத் திரை வந்தது. ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு மடிக்கிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். வேகம் போதுமென்றால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அமெரிக்க ஆலைகளில் கையில் கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்று அசைவை அளந்தவர்களைப் பற்றியும் நீ படித்திருந்தாய். "அந்தக் கடிகாரக்காரன்ரை பேரன் வந்திருக்கிறான், எல்லாரும் எழும்பி வணக்கம் சொல்லுங்கோ," என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டாய்.

வேகம் கூடக் கூட விரிப்புகளை ஏற்றிய கம்பி வண்டில்கள் மண்டபத்தில் நிறைந்தன. அவற்றை வெளியே கொண்டுபோய் விட்டுவர நேரமில்லை. மிச்சமிருந்த ஒரே வெறும் இடம் உன் கதவின் முன்பக்கம். முதலில் ஒரு வண்டில் அங்கே வந்து நின்றது. பிறகு ஒரு வரிசை. கதவின் மேல் "மறிக்காதீர்கள்" என்று ஜெர்மனில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சட்டம் அங்கே சுவரில் இருந்தது. நாங்கள் அதன் முன்னால் வண்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

நீ காலையில் அவற்றை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறப்பாய். மத்தியானத்துக்குள் திரும்பவும் அடைபட்டுவிடும். மேலாளரிடம், நம் செஃப்பிடம், போய்ச் சொன்னாய். வண்டிலை அங்கே விடச் சொல்லி யாரும் சொல்லவில்லையே என்றாராம். அன்றைக்குத்தான் உன் முகத்தில் முதல்முறையாகக் களைப்பைப் பார்த்தேன். "அங்கை முதலாளி தானே பூட்டினவன். இங்கை எங்கடை கையாலையே பூட்டுவிக்கிறாங்களடி," என்றாய்.

பிறகு உனக்கு அந்த வருத்தம் வந்தது. கணையத்தில் புற்றுநோய். கடைசி வாரம் லுசேர்ன் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தேன். எழும்ப முடியாமல் கிடந்த நீ விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். "இது எங்கடை இஸ்திரி உருளையிலை வந்ததுதான். மூலையைப் பார், நீதான் மடிச்சிருக்கிறாய்," என்று என்னைச் சீண்டினாய். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். விரிப்பின் ஓரத்தைக் கையிலிருந்து விட்டுவிட்டு, "செத்தாப் பிறகுதான் சட்டம் வரும் எண்டு சொன்னனான். நான் சும்மா வருத்தத்திலை சாகிறன். இதுக்கு ஒரு வண்டிலும் விலகாது," என்றாய். நீ சொன்னதுதான் நடந்தது. உன் செத்தவீட்டுக்கு அடுத்தநாளும் வண்டில்கள் அங்கேதான் நின்றன.

போன வியாழக்கிழமை உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த பஞ்சுத் தூசியில் நெருப்புப் பிடித்தது. புகை நடுமண்டபத்தை மூடியது. நாங்கள் முன்வாசலால் ஓடிவிட்டோம். சுகந்தி பின்பக்கம் மாட்டிக்கொண்டாள். உனக்கு அவளைத் தெரியாது. நீ போனபிறகு வந்தவள், வவுனியாக்காரி, ஒரு சின்ன மகள் இருக்கிறாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். உள்ளேயிருந்து கம்பி கம்பியோடு மோதும் சத்தம் கேட்டது. அவள் வண்டில்களை இழுத்துக்கொண்டிருந்தாள். சில்லுகள் ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு வரவில்லை. "அக்கா! அக்கா!" என்ற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. தீயணைப்புக்காரர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். உயிர் இருந்தது. இடது கை முழங்கை வரை வெந்திருந்தது.

அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லையடி. கண்ணை மூடினால் கம்பி மோதுகிறது.

இன்று காலை விசாரணை. உனக்குப் பிறகு நம் பகுதிக்குப் பொறுப்பாளர் நான்தான் என்பதால் என்னை முதலில் கூப்பிட்டார்கள். சுகந்தி கைக்கட்டோடு வெளியே கதிரையில் இருந்தாள். செஃப் மரியாதையாகத்தான் பேசினார், தண்ணீர்கூட ஊற்றித் தந்தார். அன்று காலை அந்த வண்டில்களை வாசலின் முன்னால் விட்டது யார் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

விட்டது சுகந்திதான். அவள் பெயரைச் சொன்னால் அது பொய்யுமில்லை. அவள் இன்னும் எஃப் என்ற தற்காலிக அனுமதியில் இருக்கிறாள். சொந்த உழைப்பில் வாழ்கிறாள் என்று காட்டினால்தான் பி என்ற வதிவிட அனுமதி கிடைக்கும். வெந்த கையோடு வேலையும் போனால் அவளும் மகளும் என்ன செய்வார்கள்? மறுபக்கம் நான். ஐம்பத்தெட்டு வயது, வேலைக்குப் போகமுடியாத மனுஷன். என்னை இனி யார் எடுப்பார்கள்? அந்த நேரத்தில் உன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. நீ இருந்திருந்தால் இந்தக் கதிரையில் நீ இருந்திருப்பாய், நான் வெளியே நின்று உனக்காகக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"எல்லோரும்தான்," என்றேன் என் ஓட்டை ஜெர்மனில். "ஒவ்வொரு நாளும். நானும். திரை பச்சையாக இருக்கவேண்டுமென்றால் வண்டிலுக்கு வேறு இடமில்லை. இதை முன்னமே ஒருத்தி உங்களிடம் வந்து சொன்னாள்."

தான் கேட்டது ஒரு பெயர் என்றார்.

"அப்படியென்றால் என் பெயரை எழுதுங்கள்."

எழுதினார். பொறுப்பாளரே ஒத்துக்கொண்டதால் இன்றோடு நான் வரத் தேவையில்லை என்றார். எழுந்து கைகொடுத்து, இனிய நாளாகட்டும் என்றார். இந்த நாட்டில் கழுத்தை அறுத்தாலும் அதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்.

சுகந்தியின் வேலை தப்பியதா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு அவர்கள் அவளிடமும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும். திரை அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் அத்தனை சாவுக்குச் சட்டம் வந்தது. இங்கே சட்டம் முன்னமே இருக்கிறது, இனி எதைக் கேட்பது? நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். இவர் இப்போது அறைக்குள் படுத்திருக்கிறார். எழும்பி வந்தால் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். கல்யாண மண்டபமோ, கோயிலோ, பள்ளிக்கூடமோ, எங்கே போனாலும் பின்கதவைத் தேடிப்போய்த் தள்ளிப் பார்க்கிறேன். மகள் வெட்கப்பட்டு என் கையைப் பிடித்து இழுப்பாள். இன்று என் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோதும் கால் தானாகப் பின்பக்கம்தான் போனது. கருகிய சுவரை வெள்ளை பூசி மறைத்திருந்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. அதன் முன்னால், நெருப்புப் பிடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, திரும்பவும் வண்டில்கள்.

பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை இழுத்தேன். வரவில்லை. மூச்சுப் பிடித்து மறுபடி இழுத்தேன். பக்கத்தில் இன்னொரு கை வந்து கம்பியைப் பிடித்தது. சுகந்தி. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றக் கையால் இழுத்தாள். பிறகு உருளையில் நின்ற போர்த்துக்கல்காரி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். திரை சிவந்தது. இரும்புத் தண்டை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினேன். குளிர் உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. ஒருத்தியும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.