பச்சை வாளியின் எடை

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். விசிறி மூன்றாம் எண்ணில்.

இன்று எட்டே காலுக்கு, மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் இதுவரை எந்தக் குடும்பமும் துணியாத முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. இனி எங்கள் வீட்டு ஈரக் குப்பை பச்சை வாளியிலும் காய்ந்த குப்பை சிவப்பு வாளியிலும் போடப்படும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்தவன் நான் ஒருவன். மனைவி மேரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

காரணம்: எங்கள் தாமான் வீடமைப்புப் பகுதியின் குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. நம் அன்றாடப் பழக்கங்கள் பூமியை எவ்வளவு கெடுக்கின்றன என்று அளக்க. மூன்று வாரம், தினமும்:

— மின்சார மீட்டர்
— தண்ணீர் மீட்டர்
— பிளாஸ்டிக் பை எத்தனை
— ஈரக் குப்பை, கிராமில்

மிகக் குறைவாக ஈரக் குப்பை போடும் வீட்டுக்குப் பரிசு. என்ன பரிசு என்று சொல்லவில்லை. செயலாளர் குணா நேரில் வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; கேட் திறந்திருந்தாலும் தட்டுவார்.

"கிராணியாரே, நிறுக்கிறது ஒங்களுக்குப் புதுசா? நீங்க ஜெயிக்கலன்னா வேற யாருலா ஜெயிப்பா?"

உண்மைதான். எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருடம் கிராணியாகக் கணக்கு எழுதி, ரப்பர் பால் எடை போட்டவன். பாலில் தண்ணீர் கலந்து கொண்டுவருவார்கள். வாளியைத் தூக்கும்போதே சொல்லிவிடுவேன். எடையில் என்னை ஏமாற்றியவர் கிடையாது.

படிவத்தின் பின்பக்கம் படித்தேன். எறியும் சோறு குப்பைமேட்டில் புதைந்து, அழுகி, வாயுவாகி, பூமியைச் சூடாக்குகிறதாம். பயமாக இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன், பூமிக்காக.

மார்ச் 4, செவ்வாய்

வெயில். தராசு வாங்கியாயிற்று. பேட்டரியில் ஓடுவது, ஒரு கிராம்வரை காட்டும். என் மூக்குக் கண்ணாடி 31. மேரியின் செபமாலை 22.

ஈரக் குப்பை 690. குச்சியால் கிளறிப் பிரித்தேன்.

மீன் தலை, செதில் 140
காய்த்தோல் 150
தேயிலை, முட்டை ஓடு 80
சோறு 320

சோறு 320! குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, உருண்டை உருண்டையாக. இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இது ஓர் ஆளின் சாப்பாடு. என் தட்டில் நான் பருக்கை விடுவதில்லை. பூனையைச் சந்தேகித்தேன். வீட்டில் பூனை இல்லை.

மேரியைக் கேட்டேன். "நேத்து சோறு. ஊசிப் போச்சி" என்றாள்.

கோப்பு மூடப்பட்டது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு பசாருக்குப் போய்க் கத்தரிக்காய்.

மேரி தவக்காலம் முடியும்வரை ஒருசந்தி இருக்கப் போகிறாளாம். ஒரு வேளைதான் சாப்பாடு. வழக்கமாக இறைச்சியை விடுவாள். இந்த வருடம் சோற்றிலேயே கைவைத்திருக்கிறாள்.

ஒருசந்தி வீட்டில், சோற்றுக் கழிவு 280.

பொறுக்க முடியவில்லை. மேசைக்கு முன் நின்று கால் மணி நேரம் பேசினேன். வாயு, வெப்பம், உருகும் பனி, நெல் விளைவிக்க ஆகும் தண்ணீர். நல்ல பேச்சு. மேரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிச்சா? சரிங்க. இனிமே கொறையும்."

மார்ச் 8, சனி

மாலை இடி. மீட்டர் பார்க்கக் குடையோடு போனேன். மின்னலுக்குப் பயந்து பாதியில் திரும்பினேன்.

வியாழன் 410. வெள்ளி 260. இன்று 230. மூன்று நாளும் சோறு: 0.

ஒரே ஒரு பேச்சு. உலகத் தலைவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசியும் நடக்காதது ஜாசினில் கால் மணி நேரத்தில் நடந்தது. குணாவின் வாட்ஸ்அப் குழுவில் எண்களைப் போட்டேன். பதினோரு கட்டைவிரல்.

சின்ன முரண்பாடு: அரிசி டின் அதே வேகத்தில் குறைகிறது. தினமும் அதே இரண்டு குவளை. பிறகு பார்க்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

மழைக்குப் பின் புழுக்கம். துணி காயவில்லை.

பதினொரு மணிக்குப் பின்பக்கம் போனேன். பக்கத்து வீட்டு லெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்கூடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிராணியாரே, ரொம்ப தேங்க்ஸ்லா. ஒங்க வீட்டு சோறு தின்னு தின்னு என் கோழிங்களுக்கு நடக்கவே முடியல."

"எங்க வீட்டுச் சோறா?"

"அக்காதான் தெனமும் கொண்டாந்து கொட்டுறாங்க. கொழம்பு, பொரியல் எல்லாம் போட்டுப் பெசஞ்ச சோறு. என் வீட்டுக்காரருக்குக்கூட நான் அப்பிடிப் பெசஞ்சி குடுத்ததில்ல." சிரித்தாள். "ரெண்டு பேருக்கு ஏன் இவ்ளோ ஆக்குறீங்க? மருமவன் வந்துருக்காரா?"

இல்லை என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். முதலில் கோபம். படிவத்தில் பொய் எண். என்னையே எடையில் ஏமாற்றிவிட்டாள். கோபம் ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம் இல்லை.

கோழிக்குப் போட யாரும் சோற்றைப் பிசைவதில்லை. உருண்டை பிடிப்பதில்லை. வாய்க்குக் கொண்டுபோகத்தான் பிடிப்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

வானிலை கவனிக்கவில்லை.

அவளைக் கவனித்தேன், அவளுக்குத் தெரியாமல்.

— வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது
— ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஊக்கு
— எச்சில் விழுங்கும்போது கண்ணை மூடுகிறாள்
— கழுத்தில் இரண்டு குழி. எப்போதிருந்து?

எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகு, என் தட்டைக் கழுவிவிட்டு, அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். அவள் அம்மா அப்படி. என் அம்மாவும் அப்படி. எஸ்டேட் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படி. அந்த நேரத்தில் நான் முன்னறையில் பேப்பர் படிப்பேன். முப்பத்து நான்கு வருடம். அவள் சாப்பிட்டு நான் பார்த்தது எத்தனை தடவை என்று யோசித்தேன். திருமணத்தன்று ஒரு வாய் கேக்.

ஈரக் குப்பை 215 என்று எழுதினேன். பொய் எண். ஆனாலும் எழுதினேன்.

பூமியைப் பற்றிய பயம் வசதியானது. அதை எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாம். இது என் வீட்டுக்கு மட்டும் வந்திருக்கிறது.

மார்ச் 12, புதன்

மத்தியானம் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

"என்னாங்க இது, கல்யாண வீடா?"

"ஒக்காரு மேரி."

"நீங்க மொதல்ல சாப்டுங்க. எனக்கு வேல கெடக்கு."

"ஒக்காரு."

உட்கார்ந்தாள். ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்தாள். நெல்லிக்காய் அளவு உருண்டை. முதலாவது இறங்கியது. இரண்டாவதுக்குத் தண்ணீர் குடித்தாள். மூன்றாவது நின்றுவிட்டது. நெஞ்சில் கைவைத்து, கண்ணில் நீர் கட்ட, அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து கழுவுமிடத்துக்குப் போனாள். தண்ணீரும் திரும்பி வந்தது.

நான் மேசையிலேயே இருந்தேன். மூன்று என்று எண்ணியிருந்தேன். எழுந்து முதுகைத் தடவியிருக்கலாம்.

முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"எத்தன நாளா?"

"கிறிஸ்மஸ்லேருந்து. மொதல்ல ரொட்டி. அப்புறம் சோறு. இப்ப கஞ்சிகூட யோசிச்சி யோசிச்சிதான் போவுது."

"ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்டயா? டெங்கின்னா பயம், மின்னல்னா பயம். மீந்த சோத்துக்கே பயந்து கால் மணி நேரம் பேசுன ஆளு நீங்க."

சிரிக்கப் பார்த்தாள். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல்: "எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிச்சி."

அவள் அம்மாவை எனக்குத் தெரியும். சவப்பெட்டியை நான்கு பேர் தூக்கினோம். இரண்டு பேர் போதும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எடை தெரிந்தவன் ஆயிற்றே.

மார்ச் 14, வெள்ளி

ஜாசின் கிளினிக். ஏழு மணிக்கே போய் எண் எடுத்தோம். 43.

மேரியின் எடை 41.2. பழைய ரத்த அழுத்த அட்டையில், ஒன்றரை வருடத்துக்கு முன்: 54. வித்தியாசம் 12.8 கிலோ.

பால் வாளியில் அரைக் கிலோ தண்ணீர் சேர்த்தாலும் கண்டுபிடித்தவன் நான்.

தராசு சரியா என்று நர்ஸைக் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. என்னை ஏற்றிப் பார்த்தாள். 68. எப்போதும் உள்ள 68. தராசில் தவறில்லை.

டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி, செவ்வாய். சீக்கிரம் கிடைத்துவிட்டதே என்று மேரி சந்தோஷப்பட்டாள். சீக்கிரம் கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜொகூரில் இருக்கும் மகள் ஜெனிக்குப் போன். "ஏம்பா, நீங்க ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்றாள். செவ்வாய் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மன்றாட்டில் ஒன்றும் கேட்க வரவில்லை. முன் வரிசைத் தலைகளை எண்ணினேன். பதினேழு.

சத்து மாவுப்பால்: காலை 120 மில்லி, மத்தியானம் 100, மாலை 90. உள்ளே போவதையும் இப்போது அளக்கிறேன். வாளி அப்படியே கிடந்தது.

"குப்பைய நிறுத்துப் பாத்தீங்களா?" என்றாள் மேரி.

"இப்ப அது எதுக்கு?"

"பாதியில விட்டா அந்தக் குணா என்ன நெனப்பாரு? போய் நிறுங்க."

போனேன். 60. என் முட்டை ஓடும் தேயிலையும்.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. குளிர்சாதனம் அதிகம். சட்டைமேல் மேரியின் சால்வை.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம். வெளியே சுவரில் கை கழுவும் முறை, ஏழு படங்கள். ஏழையும் மனப்பாடம் செய்தேன்.

டாக்டர் தமிழ்ப் பெண், ஜெனியைவிடச் சின்னவள்.

"உணவுக் குழாய்ல ஒரு வளர்ச்சி இருக்கு அங்கிள். சாம்பிள் எடுத்திருக்கோம். ரிசல்ட் வர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஆன்ட்டி இங்கயே இருக்கட்டும், மூக்கு வழியா டியூப்ல பால் குடுப்போம்."

"எவ்வளவு பெருசு?"

"நாலு சென்டிமீட்டர்."

எத்தனை கிராம் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, நாற்காலி கொண்டுவரச் சொன்னாள்.

மார்ச் 21, வெள்ளி

ஜெனி வந்து, ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள். மறுபடி ஞாயிறு வருவாள்.

மூக்கில் குழாயோடு மேரி. பால் ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் 200. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அவள் சாப்பிடுவதை இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"ஏன் இப்பிடிப் பாக்குறீங்க? போய் கேன்டீன்ல சாப்டுங்க. அதுக்கப்புறம் எனக்கு ஊத்தட்டும்."

நான் போகவில்லை. "ஒனக்கு ஊத்தட்டும், அதுக்கப்புறம் போறேன்" என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இல்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வெயில். மேரிக்கு ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள். ரிசல்ட் வரவில்லை.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். லெட்சுமியின் கோழிகள் வேலியோரம் நின்றன.

படிவத்துக்கு நேற்றுத்தான் கடைசி நாள். நேற்றே ஆஸ்பத்திரியில் நிரப்பி, போனில் குணாவுக்கு அனுப்பியிருந்தேன். செவ்வாய் முதல் ஞாயிறுவரை, ஈரக் குப்பை: 0, 0, 0, 0, 0, 0. பொய் எண் இல்லை.

குழுவில் முடிவு போட்டிருக்கிறார். முதல் இடம் எங்கள் வீடு. பரிசு, பத்துக் கிலோ அரிசி. கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.